கிராண்ட் கேன்யனில் எட்டுக் குடம் தண்ணீர்

நான் டிரெய்லரில் படுத்துத் தூங்கியது அமெரிக்காவில்தான் முதல் தடவை என்று சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் போடுகிற எவனும் ஒரு தடவையாவது டிரெய்லரில் படுத்தவன்தான். கொள்முதல் நிலையத்தில் நம் முறை வர மூன்று நாளும் ஆகும், ஐந்து நாளும் ஆகும், நெல்லை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக மனசு வராது, டிராக்டரை வரிசையில் நிறுத்தி நெல்லுக்கு மேல் தார்ப்பாயை விரித்து மாசிப் பனியில் கிடப்போம். அதனால் மகன் போனில் "அப்பா, இந்தத் தடவை வந்தீங்கன்னா டிரெய்லர் எடுத்துக்கிட்டு நேஷனல் பார்க்ல போய்த் தங்கலாம்" என்றதும் எனக்குத் தார்ப்பாயும் கொசுவும்தான் கண்ணில் வந்தன. "அதுக்கு எதுக்குடா பிளேன் ஏறி வரணும்" என்று கேட்டுவிட்டேன்.

போனோம். 2023 மே 18, வியாழக்கிழமை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை திரும்பினோம். நான், என் மனைவி, மகன், மருமகள், ஏழு வயதுப் பேத்தி என்று ஐந்து பேர். இடம் அரிசோனாவில் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா, பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பில் மேத்தர் என்கிற கேம்ப்கிரவுண்ட், அதாவது வண்டியோ கூடாரமோ போட்டுத் தங்குகிற இடம். இப்போது எங்கள் தெருவிலேயே நாலு வீட்டுப் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், விசிட்டர் விசாவில் போகிற அப்பா அம்மாக்கள் "டிரெய்லர்ல தங்கினீங்களாமே, நமக்கெல்லாம் தோதுப்படுமா" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

அங்கே டிரெய்லர் என்பது சக்கரம் வைத்த ஒரு சின்ன வீடு. எஞ்சின் கிடையாது, பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி இழுக்க வேண்டும். எங்களுடையது 18 அடி. உள்ளே ஒரு கட்டில், மடக்கினால் மேஜை விரித்தால் படுக்கை என்று ஒன்று, கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், அலமாரி அளவுக்கு ஒரு பாத்ரூம். ஒரு தனியாரிடம் நாலு நாள் வாடகைக்கு எடுத்தோம். அவர் அரைமணி நேரம் ஒவ்வொரு குழாயையும் ஒவ்வொரு பட்டனையும் காட்டிக்கொண்டே வந்தார். மகன் தலையாட்டினான், மருமகள் பேசாமல் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வீடியோதான் எங்களை மூன்று தடவை காப்பாற்றியது. வாடகைக்கு எடுப்பவர்கள் இதை மட்டும் மறக்கவே கூடாது, தலையாட்டினது ராத்திரி ஞாபகம் வராது.

பாரம் ஏற்றியது என் மனைவி. அரிசி, பருப்பு, புளிக்காய்ச்சல், குக்கர், தோசைக்கல், மாவு டப்பா, இரண்டு பெட்டி எல்லாம் பின்பக்கக் கதவு ஓரம் போய்விட்டது, ஏனென்றால் அங்கேதான் இடம் இருந்தது. நெடுஞ்சாலையில் ஏறிப் பத்து மைல் போனதும் பின்னால் வால் ஆட ஆரம்பித்தது. பக்கத்தில் பெரிய லாரி ஒன்று கடந்தால் டிரெய்லர் ஒரு பக்கம் போய், வண்டியையும் சேர்த்து இழுத்தது. மகன் முகம் வெளுத்துவிட்டது. நான் "ஓரங்கட்டுடா, பின்பாரம்" என்றேன். மாட்டுவண்டி ஓட்டினவனுக்கு இது புதுசில்லை. பின்பாரம் ஆனால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே தூக்கும், முன்பாரம் ஆனால் மாடு முழங்கால் போடும். இங்கே மாடு என்பது பிக்கப். டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை முன்னால் கொக்கியின் மேல் அழுத்த வேண்டும் என்று கணக்கே வைத்திருக்கிறார்கள். அதற்குக் குறைந்தால் வால் ஆடும். ஒரு ஓய்விடத்தில் நிறுத்திக் கனமான சாமானை எல்லாம் அச்சுக்கு முன்னால் மாற்றி அடுக்கினோம். ஆட்டம் நின்றது. அப்படியே கொக்கியைக் குனிந்து பார்த்துவிட்டேன்: பூட்டுகிற ஆணி போட்டிருக்கிறதா, இரண்டு சங்கிலியும் அடியில் ஒன்றுக்கொன்று குறுக்கே போகிறதா என்று. கொக்கி கழன்றாலும் மூக்கு அந்தக் குறுக்குச் சங்கிலி மேல்தான் விழும், ரோட்டில் குத்தாது. நம் ஊர் டிராக்டருக்கு யாரும் சங்கிலி போடுவதில்லை, போட்டால் நல்லது.

இன்னொரு தப்பு என்னுடையது. நாங்கள் கிளம்பிய பீனிக்ஸ் நகரம் கிட்டத்தட்ட 1,100 அடி உயரத்தில் இருக்கிறது, நாங்கள் போக வேண்டியது 7,000 அடி. சுமார் 370 கிலோமீட்டர், பாதி மலையேற்றம். கேம்ப்கிரவுண்டில் குடிதண்ணீர்க் குழாய் இருக்கிறது, அங்கே பிடித்துக்கொள்ளலாம் என்று மகன் சொன்னான். நான் கேட்கவில்லை. கடைமடைக்காரன் தண்ணீரைக் கண்டால் விடுவானா, டாங்க் ததும்ப நிரப்பு என்றேன். 30 கேலன், நம் கணக்கில் 113 லிட்டர் சொச்சம், எட்டுக் குடம். எட்டுக் குடம் தண்ணீர் என்றால் 113 கிலோ, ஒன்றரை ஆள். ஏ.சி.யை நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்துகொண்டு, எஞ்சின் சூட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டே மேட்டில் ஏறினோம். தண்ணீர் கிடைக்கிற இடத்துக்குத் தண்ணீர் சுமக்க வேண்டியதில்லை.

சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். பைன் மரங்களும் ஜூனிப்பர் மரங்களும், நடுவில் வளைந்து போகும் தார்ச்சாலை, ஒவ்வொரு வளைவிலும் எண் போட்ட ஒரு இடம், ஒரு மரமேஜை, தீ மூட்ட ஒரு இரும்பு வளையம். அவ்வளவுதான். டிரெய்லரைப் பின்னால் எடுத்து அந்த இடத்தில் செருக வேண்டும்.

மகன் ஏழு தடவை எடுத்தான். ஏழு தடவையும் டிரெய்லர் மடங்கி நின்றது. சுற்றிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள், அது இன்னும் அவமானம். நான் முப்பது வருஷமாக டிராக்டரில் டிரெய்லரைக் களத்துக்குள் பின்னால் விட்டவன், ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் அவன் பேர் மட்டும்தான், நான் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. சரி, வெளியே நின்று சொல்கிறேன் என்று இறங்கினேன். "டிரைவர் சைடு ஒடி, டிரைவர் சைடு ஒடி" என்று கத்தினேன். அவன் இடது பக்கம் ஒடித்தான். லாரிக்கு ரிவர்ஸ் சொல்லிப் பழகிய வாய் எனக்கு, டிரைவர் சைடு என்றால் வலது. அங்கே டிரைவர் உட்காருவது இடது. பின்பக்க மூலை ஒரு பைன் மரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றபோதுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது.

அப்புறம் அவனை இறக்கி, தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினேன். ஸ்டியரிங்கின் மேலே கை வைக்காதே, கீழே ஒரு கை வை. டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து, மூளைக்கு வேலையே இல்லை. கொஞ்சம் ஒடி, நிறுத்து, பார், நேராக்கு. மடங்க ஆரம்பித்தால் அடம் பிடிக்காமல் முன்னால் இழுத்துவிட்டு மறுபடி வா. வலது இடது எல்லாம் வேண்டாம், "மரத்துப் பக்கம்", "மேஜைப் பக்கம்" என்று சொல்லிக்கொள்வோம் என்று பேசி வைத்தோம். எட்டாவது தடவையில் உள்ளே போனது. எதிர் இடத்துப் பெரியவர் ஒருவர் கட்டைவிரலைக் காட்டினார். என் வாழ்நாளில் களத்துமேட்டில் யாரும் எனக்குக் கட்டைவிரல் காட்டியதில்லை.

நின்றதும் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும், பக்கவாட்டு மட்டம் பார்க்க வேண்டும், அதற்கு அப்புறம்தான் கொக்கியைக் கழற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் உருளும். மகனிடம் ரசமட்டம் இருந்தது, கொத்தனார் வைத்திருக்கிற அதே சாமான்தான். கொஞ்சம் சாய்ந்தால் என்ன, தூங்கத்தானே போகிறோம் என்றேன். ஃபிரிட்ஜ் கேஸில் ஓடுகிற வகை, சாய்வாக நின்றால் அது ஒழுங்காகக் குளிர்விக்காது, கெட்டும் போகும் என்றான். தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் பலகையைப் போட்டு ஏற்றி, முன்பக்க ஜாக்கியைச் சுற்றி நீளவாக்கில் சரிபண்ணினோம். நாலு மூலையிலும் இறக்குகிற கால்கள் ஆட்டத்தை நிறுத்தத்தான், வண்டியைத் தூக்க அல்ல.

மேத்தரில் கரண்ட் கனெக்‌ஷனும் கிடையாது, தண்ணீர்க் கனெக்‌ஷனும் கிடையாது, சாக்கடைக் கனெக்‌ஷனும் கிடையாது. இந்த மூன்றும் வேண்டும் என்றால் பக்கத்திலேயே டிரெய்லர் வில்லேஜ் என்று இன்னொரு இடம் பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது, 50 அடி வண்டி வரைக்கும் நேராக உள்ளே ஓட்டி நிறுத்தலாம், வாடகை அதிகம். வயசானவர்கள் முதல் தடவை போனால் அதைத்தான் எடுக்கச் சொல்லுவேன். மேத்தரில் 30 அடிக்கு மேற்பட்ட வண்டிக்கு இடமில்லை, அதிலும் ஒவ்வொரு இடத்துக்கும் நீளம் தனியாகப் போட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்துத்தான் பதிவு செய்ய வேண்டும். பதிவு ஆறு மாதம் முன்னாலேயே திறக்கிறது, திறந்த உடனே தீர்ந்தும் போகிறது. மகன் ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தை ராத்திரி பகல் பார்த்துப் பார்த்து, யாரோ ரத்து செய்த இடத்தைப் பிடித்தான்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம்.

வெள்ளிக்கிழமை வைகாசி அமாவாசை. என் மனைவி ஊரில் இருந்தாலும் அமெரிக்காவில் இருந்தாலும் அமாவாசைக்குத் தலைக்குக் குளிப்பாள். விடிகாலையில் அவள் குளித்தாள், அப்புறம் நான். வெந்நீர் இருந்தது, ஆனந்தமாக இருந்தது. பாதிக் குளியலில் காலடியில் தண்ணீர் நிற்பது தெரிந்தது. முடி அடைத்திருக்கும் என்று விரலால் நோண்டினேன். தண்ணீர் வடியவில்லை, ஏறியது. கணுக்கால் வந்தது. அதோடு, நேற்று ராத்திரி பாத்திரம் கழுவிய தண்ணீர் என்று வாசனையிலேயே தெரிந்தது, இரண்டு ரசப் பருப்பும் மிதந்தன. ஐப்பசி அடைமழையில் வடிகால் எதிர்த்துக்கொண்டு வயலுக்குள் வருமே, அச்சு அசல் அதேதான்.

டிரெய்லரில் மூன்று டாங்க். நல்ல தண்ணீருக்கு ஒன்று. குளிக்கிற, கழுவுகிற தண்ணீர் போய்ச் சேர ஒன்று, அதைக் கிரே டாங்க் என்கிறார்கள். கக்கூஸுக்கு ஒன்று, அது பிளாக் டாங்க். எங்கள் வண்டியில் நல்ல தண்ணீர் 30 கேலன், கிரே டாங்க் 25 கேலன்தான். நான் கிளம்பின நிமிஷத்தில் இருந்து நல்ல தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே போகிற தண்ணீர் எங்கே போய் நிற்கிறது என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. முள்ளியாற்றுத் தண்ணீரில் விவசாயம் செய்கிறவன், ஆனியில் வாய்க்காலுக்கும் ஐப்பசியில் வடிகாலுக்கும் அடித்துக்கொள்கிறவன், எனக்கே இது தோன்றவில்லை. கம்மியாகத்தான் இருக்கிறது என்று சுவரில் இருந்த விளக்குப் பலகையும் காட்டியது. அந்த விளக்கை நம்பக்கூடாது, உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் அது பாட்டுக்கு எதையாவது காட்டும்.

"சோப்புத் தண்ணிதானே, மரத்தடியில திறந்து விட்டுடேன்" என்றேன் மகனிடம். கூடாது. பாத்திரம் கழுவின தண்ணீரைக்கூடத் தரையில் ஊற்றக்கூடாது, அந்த வாசனைக்கு மிருகங்கள் வந்துவிடும் என்றான். கடைசியில் விடிந்ததும் விடியாததுமாகக் கட்டையை எடுத்து, காலை மடக்கி, கொக்கியை மாட்டி, மொத்த வீட்டையும் இழுத்துக்கொண்டு கழிவு இறக்குகிற இடத்துக்குப் போய், திரும்பி வந்து மறுபடி அதே ரிவர்ஸ் எடுத்தோம். பக்கத்து வண்டிக்காரர்கள் சக்கரம் வைத்த ஒரு நீல டப்பா வைத்திருந்தார்கள், கிரே தண்ணீரை அதில் இறக்கி அதை மட்டும் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருகிறார்கள். வீடு நின்ற இடத்திலேயே நிற்கிறது. வாடகைக்காரரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள்.

அதற்குப் பிறகு சட்டம் போட்டோம். குளியல் கேம்ப்கிரவுண்டின் பொதுக் குளியலறையில், காசு போட்டால் சில நிமிஷம் வெந்நீர் வரும். பாத்திரத்தை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டு ஒரு சட்டித் தண்ணீரில் கழுவுவது. உள்ளே குளித்தே ஆக வேண்டும் என்றால், நனைந்ததும் குழாயை மூடு, சோப்புப் போடு, அப்புறம் திற. இப்படியே மிச்ச இரண்டு நாளும் ஐந்து பேரும் ஓட்டிவிட்டோம், கிரே டாங்க் பாதிகூட நிரம்பவில்லை.

பிளாக் டாங்க் விஷயத்தில் மட்டும் நம் பழக்கம் நல்லது. அங்கே உள்ளவர்கள் தண்ணீரைச் சிக்கனம் செய்கிறேன் என்று காகிதத்தை மட்டும் போட்டு, அது உள்ளே மேடு கட்டி அடைத்துக்கொள்ளுமாம். நாம் தண்ணீர் விட்டுக் கழுவுகிறவர்கள், அடைக்காது. ஆனால் சீக்கிரம் நிரம்பும், பகலில் பொதுக் கழிப்பறைக்குப் போய்விடுங்கள், ராத்திரிக்கு மட்டும் உள்ளே.

கழிவு இறக்குவதைச் சொல்லியே ஆக வேண்டும். வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. ரப்பர் கையுறை, குழாய். குழாயை மாட்டி, தரைத் துளையில் செருகி, முதலில் பிளாக் டாங்க் மதகைத் திறக்க வேண்டும், அது முழுக்க வடிந்த பிறகு கிரே டாங்க். இந்த வரிசை மாறக்கூடாது, சோப்புத் தண்ணீர் பின்னால் வந்தால்தான் குழாய் கழுவிப் போகும். மதகு என்று நான் சொல்வது சும்மா இல்லை, பிடியை இழுத்தால் பலகை மேலே ஏறுகிற அதே அமைப்புதான். குழாய் கழுவ அங்கே ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கும், குடிக்கக் கூடாது என்று எழுதியிருக்கும், நல்ல தண்ணீர் பிடிக்கிற ஹோஸை அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

எங்களுக்கு முன்னால் நின்றவர் அறுபது வயதுக்காரர், சட்டை இஸ்திரி கலையாதவர். தன் குடும்பத்துக் கழிவைத் தானே இறக்கி, தானே கழுவி, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு எங்களைப் பார்த்துக் குட்மார்னிங் சொன்னார். நான் மகனைத் தள்ளிவிட்டுக் கையுறையை வாங்கி நானே மாட்டிக்கொண்டேன். மனிதர் கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான சட்டம் நம் நாட்டில் 2013இல் வந்தது, அதற்கு அப்புறமும் தொட்டிக்குள் இறங்கிச் சாகிறவர்கள் செய்தி நின்றபாடில்லை. 66 வயதில்தான் எனக்கு என் வீட்டுக் கழிவைக் கையால் தொடுகிற தூரத்தில் பார்க்க வாய்த்தது. மருமகளுக்குச் சங்கடம், "மாமா, நீங்க வேண்டாம்" என்றாள். பரவாயில்லம்மா என்றேன்.

அமாவாசை இன்னும் முடியவில்லை. என் மனைவி சோறு வடித்து, பருப்பு நெய் விட்டுப் பிசைந்து, ஒரு உருண்டையை எடுத்துக்கொண்டு வெளியே போய் "கா கா" என்று கூப்பிட்டாள். வந்தது. நம் காக்கையைப் போல இரண்டு மடங்கு, அண்டங்காக்கை ஜாதி, கழுத்தில் தாடி. பேத்திக்கு ஒரே சந்தோஷம். மருமகள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள், "அத்தை, இங்கே எந்தப் பறவைக்கும் மிருகத்துக்கும் சாப்பாடு போடக்கூடாது, அபராதம்." இவளுக்கோ காக்கைக்கு வைக்காமல் வாயில் சோறு இறங்காது. பத்து நிமிஷம் அது மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று இவளைப் பார்க்கிறது, இவள் உருண்டையோடு அதைப் பார்க்கிறாள். கடைசியில் அவளே தீர்ப்புச் சொன்னாள்: உருண்டையை உள்ளே எடுத்துப்போய் ஜன்னல் ஓரம் தட்டில் வைத்து, கண்ணாடி வழியாக அதற்குக் காட்டினாள். "பார்த்துட்டாங்க, போதும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

அந்த விதி சும்மா போட்டதில்லை. பூங்காவில் அதிகம் பேரைக் கடிப்பது அணில்தான், கையில் கொடுத்துக் கொடுத்துப் பழக்கிய அணில். சாப்பாட்டு சாமானை மேஜையில் விட்டுவிட்டு ஐந்து நிமிஷம் நகரக்கூடாது. எல்க் என்று ஒரு மான், எருமை உயரம், காலையில் டிரெய்லர் வாசலில் நின்று புல் மேயும், எங்கள் ஊர் மாடு தெருவில் நிற்பது மாதிரி. கோடியக்கரையில் வெளிமானைத் தூரத்தில் இருந்து பார்த்தே பழக்கம் எங்களுக்கு, அது நல்லதாகப் போயிற்று. அங்கே எல்க்கிடம் இருந்து 30 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். குடிதண்ணீர் பிடிக்கிற இடத்தில் பிடியை மூக்கால் தள்ளித் தண்ணீர் குடிக்க அந்த எல்க்குகள் கற்றுக்கொண்டு, அதைத் தடுக்கக் குழாய்களை மாற்றி அமைக்க வேண்டி வந்ததாம். பாவம், காய்ந்த ஊர், அதுவும் என்ன செய்யும்.

காய்ந்த ஊர் என்றது ஏதோ பேச்சுக்கு இல்லை. தெற்கு விளிம்பில் குடிக்கிற தண்ணீர் அங்கே ஊறுவது கிடையாது. பள்ளத்தாக்குக்கு எதிர்க்கரையில், வடக்கு விளிம்புக்குக் கீழே ரோரிங் ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்றில் இருந்து 20 கிலோமீட்டர் குழாய் வழியாக இறங்கி, பள்ளத்தாக்கைக் கடந்து, இந்தப் பக்கம் பம்பு வைத்து மேலே ஏற்றுகிறார்கள். 1960களில் ஆரம்பித்துப் போட்ட குழாய், 2010இல் இருந்து மட்டும் 85 தடவைக்கு மேல் பெரிசாக உடைந்திருக்கிறது. ஆக நானும் என் பங்குக்கு அமெரிக்காவில் போய் ஒரு கடைமடையில்தான் தங்கியிருக்கிறேன். அடுத்த வருஷம், 2024 ஆகஸ்ட் கடைசியில், குழாய் பல இடத்தில் உடைந்து பூங்காவுக்குள் தெற்கு விளிம்பில் இருந்த ஓட்டல்கள் எல்லாம் ராத்திரித் தங்கலை நிறுத்திவிட்டன. மேத்தரில் குழாயை மூடிவிட்டு, தண்ணீர் கொண்டு வந்தவர்கள் தங்கலாம் என்று விட்டார்கள். மகன் போனில் சொன்னான். "நான் டாங்க்கை நிரப்பச் சொன்னது தப்பில்லைன்னு இப்ப தெரியுதா" என்று கேட்டேன். கிளம்புகிற அன்று பூங்காவின் இணையப் பக்கத்தில் தண்ணீர் நிலவரத்தைப் பார்த்துவிட்டு, குழாய் வேலை செய்கிறது என்றால் காலி டாங்க், இல்லை என்றால் நிறைந்த டாங்க். இருவர் சொன்னதும் சரிதான்.

பள்ளத்தாக்கைப் பற்றி நான் என்ன எழுத. ஒரு மைல் ஆழம், சில இடத்தில் 29 கிலோமீட்டர் அகலம். மலை என்றால் சுவாமிமலையின் 60 படியும் திருச்சி உச்சிப்பிள்ளையாரும்தான் எனக்குத் தெரியும், இங்கே மலையைக் கவிழ்த்து வைத்திருக்கிறது. கீழே நூல் மாதிரி கொலராடோ ஆறு. மேலே அணை கட்டியிருக்கிறார்கள், ஏழு மாநிலம் 1922இல் ஒப்பந்தம் போட்டுப் பங்கு பிரித்துக்கொண்டது, அதற்கு அப்புறமும் வழக்குத் தீரவில்லை, கடைசியில் மெக்சிகோவில் அதன் டெல்டா பெரும்பாலான வருஷங்களில் கடலைத் தொடாமலேயே காய்ந்து கிடக்கிறது என்று மகன் சொன்னான். எனக்கு அதற்கு மேல் அந்த அழகில் மனசு நிற்கவில்லை. மேட்டூர் நீர்மட்டம் எவ்வளவு என்று போனில் பார்க்கச் சொன்னேன்.

இறங்கி நடக்கிற பாதையில் அரைமணி நேரம் போய்த் திரும்பினோம். மலைக்கோயிலுக்கு நேர்மாறு, போகும்போது சுகம், திரும்பும்போது மூச்சு. 7,000 அடியில் நமக்குச் சாதாரணமாகவே இளைக்கும், உதடு வெடிக்கும், தாகம் தெரியாமலே உடம்பு காயும். ஊர் சுற்றுவதற்கு இலவசப் பேருந்து இருக்கிறது, டிரெய்லரை அவிழ்த்துவிட்டால் வண்டியையே எடுக்க வேண்டியதில்லை. விளிம்பை ஒட்டிப் போகிற ஹெர்மிட் சாலைக்கு மார்ச் முதல் நவம்பர் வரை அந்தப் பேருந்தில்தான் போக முடியும்.

குளிர். மே மாதம், எங்கள் ஊரில் கத்திரி வெயில் கொளுத்துகிறது, அங்கே ராத்திரி 4 டிகிரி. டிரெய்லரில் கேஸ் ஹீட்டர் இருக்கிறது, ஆனால் அதன் விசிறி பேட்டரியில் ஓடுகிறது. இது எங்களுக்குத் தெரியாது. இரண்டாவது ராத்திரி மூன்று மணிக்கு விசிறி நின்று, கேஸ் கசிவு எச்சரிக்கைக் கருவி பேட்டரி குறைந்துபோய்க் கீச் கீச் என்று கத்த, எல்லோரும் எழுந்து உட்கார்ந்தோம். அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காயலாமா என்று கேட்டேன். மகன் பதறிப்போனான், மூடின இடத்தில் அது ஆளைக் கொல்லும். ஜெனரேட்டரும் ராத்திரியில் ஓட்ட முடியாது, காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று முறை வைத்திருக்கிறார்கள். கஜா புயலுக்கு அப்புறம் ஒரு ஜெனரேட்டரைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய் வீட்டுக்கு அரைமணி என்று டாங்க் நிரப்பினோமே, அந்த ஞாபகம். மறுநாள் காலை முறையில் பேட்டரியை ஏற்றி, ராத்திரி ஹீட்டரைக் குறைத்து வைத்து, இருக்கிற கம்பளியை எல்லாம் போர்த்திக்கொண்டோம். கம்பளியும் குரங்குக் குல்லாயும் ஊரில் இருந்தே எடுத்துப் போங்கள்.

அந்த மூன்று மணிக்கு வெளியே வந்து பார்த்த வானத்தைத்தான் என் மனைவி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அமாவாசை வேறு, கண்ணுக்கு எட்டிய வரைக்கும் விளக்கு கிடையாது. சின்ன வயதில் கோடையில் களத்தில் படுத்துப் பார்த்த வானம், அப்புறம் ஊருக்குள் டியூப் லைட் வந்ததில் காணாமல் போனது, அங்கே இருக்கிறது.

சமையலில் இரண்டு விஷயம். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு ஒரு மணி நேரம் ஆனாலும் கல்லாக நிற்கும். குக்கர் இல்லாமல் போகாதீர்கள். ஆனால் ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை சத்தம் கூடாது, என் மனைவி ஐந்தரைக்குக் குக்கரை ஏற்றி மூன்று விசில் விட்டுவிட்டாள். பக்கத்து டிரெய்லரில் விளக்கு எரிந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நாங்கள்தான் காலையில் போய் மன்னிப்புக் கேட்டு ஒரு டம்ளர் காபி கொடுத்தோம். அந்த 93 டிகிரித் தண்ணீரில் டிகாக்‌ஷன் கசப்பில்லாமல் அருமையாக இறங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்னொன்று தாளிப்பு. உள்ளே கடுகு மிளகாய் போட்டால் புகை எச்சரிக்கைக் கருவி ஊரைக் கூட்டும். சின்னக் கேஸ் அடுப்பு ஒன்று வாங்கி வெளியே மேஜையில் வைத்துத் தாளியுங்கள்.

காசு. நாங்கள் போனபோது ஒரு வண்டிக்கு ஏழு நாளைக்கு 35 டாலர், எத்தனை பேர் இருந்தாலும். மகனிடம் 80 டாலர் வருடாந்திரப் பாஸ் இருந்ததால் அதுவும் இல்லை. 62 வயது நிரம்பியவர்களுக்கு ஆயுள் பாஸ் உண்டு என்று கேள்விப்பட்டு நான் ஆசையாகக் கவுன்டரில் நின்றேன், அது அங்கே குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்களுக்கு மட்டும். 2026 ஜனவரியில் இருந்து கிராண்ட் கேன்யன் உட்பட 11 பூங்காக்களில் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தலைக்கு 100 டாலர் கூடுதலாக வைத்திருக்கிறார்கள், வெளிநாட்டுக்காரர்களுக்கான வருடாந்திரப் பாஸ் 250 டாலர். பிள்ளைகளுக்கு இது தெரியாமல் இருக்கலாம், கிளம்பும் முன்னால் நீங்களே கேட்டுவிடுங்கள், வாசலில் போய் முகம் சுளிக்க வேண்டாம்.

தோதுப்படுமா என்று கேட்டால், முழங்கால் நன்றாக இருந்து, ராத்திரி இருட்டில் நூறு அடி நடந்து கழிப்பறைக்குப் போக முடிந்தால், தோதுப்படும். இரண்டு படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும், கட்டிலில் ஒரு பக்கம் சுவர், உள்பக்கம் படுத்தவர் எழுந்தால் வெளிப்பக்கம் படுத்தவரைத் தாண்ட வேண்டும். நாற்பது வருஷக் குடும்பத்தில் நாங்கள் அவ்வளவு நெருக்கமாக மூன்று ராத்திரி படுத்ததே இல்லை.

ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தபோது நாங்கள் ஊருக்கு வந்துவிட்டோம். அந்த வருஷத் தண்ணீர் எங்கள் பக்கம் என்ன லட்சணத்தில் வந்தது என்பது வேறு கதை. வீட்டில் போர் இருக்கிறது, மேலே ஆயிரம் லிட்டர் தொட்டி இருக்கிறது, கொல்லையில் தண்ணீர் பாட்டுக்கு வாழைக்குப் போகிறது. ஆனாலும் நான் குழாயைத் திறந்துவிட்டு நின்று பல் தேய்த்தால் போதும், அடுப்படியில் இருந்து என் மனைவி கத்துகிறாள்: "ஏங்க, கிரே டாங்க்!"